துணியில் ஊன்றிய பூ

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூத்துணிகள் பல இருக்கின்றன. கட்டில் விரிப்பு அளவுக்கு அகலமான பருத்தித் துணி. கீழே அடுக்கடுக்காகப் பாறைக் குன்று, அதிலிருந்து வளைந்து எழும் ஒரு மரம், கிளைக்கு ஒரு விதமாகப் பூக்கள். அவற்றின் சிவப்பு 250 ஆண்டுகள் கழிந்தும் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் பல துணிகளில் இலைகள் மட்டும் நீலமாக இருக்கின்றன. நீல இலை எந்த மரத்தில் உண்டு? ஓவியரின் கற்பனை என்று நினைத்துக்கொண்டு கடந்துபோகிறவர்கள் உண்டு. அது கற்பனை இல்லை. இந்தக் கரையை விட்டுப் புறப்பட்டபோது அந்த இலைகள் பச்சையாகத்தான் இருந்தன.

பச்சை எப்படி நீலமாயிற்று, சிவப்பு மட்டும் எப்படிக் கெட்டியாக நின்றது? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. செடியிலிருந்து எடுத்த நிறம் பருத்தி நூலில் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அந்த இடம். ஐரோப்பிய வேதியியலாளர்கள் அதைத் தேடத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே நம் கரையின் சாயக்காரர்களுக்கு அது கைவந்திருந்தது. அவர்கள் கையாண்ட சரக்குகளில் பெரும்பாலானவை தாமிரபரணியின் கடைமடையிலும் கிடைப்பவை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றின் குறுக்கே நிற்பது தாமிரபரணியின் எட்டாவது அணைக்கட்டு, அதுவே கடைசியும். அதைத் தாண்டிய தண்ணீர் ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல். தெற்கே சாத்தான்குளம், உடன்குடி வரைக்கும் செம்மணல் தேரியும் பனைமரமும். கிழக்கே உப்பளம். ஏரலுக்கு அருகில் உமரிக்காடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடியை எரித்த சாம்பல் நல்ல காரம். துணியை வெளுக்கவும், எண்ணெயோடு குழைத்து நூலைச் சாயத்துக்குப் பக்குவப்படுத்தவும் மதுரைச் சாயக்காரர்கள் இத்தகைய சாம்பலைத்தான் நம்பியிருந்தார்கள். மேற்கே பொதிகை மலைக் காடு. கடுக்காய் மலைச்சரக்காகக் கடைவீதிக்கு வரும். இத்தனைக்கும் நடுவே, வற்றாத ஆறு.

இந்தச் சரக்குகளில் தலையாயது சாயவேர். கரையோர மணலில் தரையோடு தரையாகப் படரும் ஒரு சின்னச் செடி அது. சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்பார்கள். இரத்த வாந்திக்கும் இருமலுக்கும் மருந்தாகக் கொடுப்பார்கள். மேலே பார்த்தால் புல்லைப் போல ஒல்லியான இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. எந்தத் தோட்டக்காரரும் களை என்று பிடுங்கி எறிந்துவிடுவார். மணலுக்குள் நேராக இறங்கும் அதன் மெல்லிய வேரின் பட்டையில்தான் அந்தச் சிவப்பு இருக்கிறது. நடுக்கட்டையில் நிறம் கிடையாது. அதனால் பருத்த வேரை விட நூல் போன்ற வேருக்கே மதிப்பு. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ 1795இல் வெளிவரத் தொடங்கிய தமது சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலின் முதல் தொகுதியிலேயே இதற்குப் படத்தோடு இடம் கொடுத்தார்.

வேருக்காக அரசுகளே முனைந்து நின்றன. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. மன்னார் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவதற்கென்றே பரம்பரையாக மக்கள் இருந்தனர். தோண்டும் உரிமையையும் விற்கும் உரிமையையும் டச்சு நிர்வாகம் தன் கையில் வைத்துக்கொண்டது. முத்து, சங்கு, துணி என்று நீளும் தூத்துக்குடிக் கடல்வணிகக் கதையில் இந்த வேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும். துணிக்கு விலை கூட்டிக் கொடுத்தது வேர்தான்.

வேர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. அவற்றின் மூலக்கூறில் சாயத்தைப் பற்றி இழுக்கும் முனைகள் பல. பருத்தியோ செல்லுலோஸ், சர்க்கரைத் துண்டுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. அது தண்ணீரைக் குடிக்குமே தவிர, செடிச் சாயங்களில் பெரும்பாலானவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த தண்ணீரில் பருத்தித் துணியை முக்கினால் அழகான நிறம் ஏறும். இரண்டு சலவையில் போய்விடும். சாயவேரும் அப்படித்தான். வெறும் பருத்தியில் அது ஒரு வெளிறிய கறையை மட்டுமே விடும்.

மஞ்சள் இதற்கு விதிவிலக்கு போலத் தோன்றும். சாம்பார் தெறித்த வெள்ளை வேட்டியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மஞ்சளின் குர்குமின் நேராகவே பருத்தியில் ஒட்டும். சவர்க்காரம் பட்டால் காரத்தால் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். ஆனால் அந்தக் கறையை வெயிலில் உலர்த்தினால் ஒரே பகலில் பாதி காணாமல் போகும். ஒட்டுவது வேறு, நிற்பது வேறு.

நிற்க வைப்பதற்கு நடுவில் ஓர் உலோகம் வேண்டும். ஒரு கையால் நூலையும் மறுகையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும் உலோகம். பாடநூல்கள் இதை நிறமூன்றி என்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியமும், துருப்பிடித்த இரும்பும்தான் நம் கரையின் இரண்டு பெரிய நிறமூன்றிகள். ஆனால் அலுமினியமும் பருத்தியோடு எளிதில் சேர்வதில்லை. ஆகவே அதற்கும் ஒரு தரகர் தேவைப்பட்டார். அவர் கடுக்காய்.

கடுக்காயை இடித்துத் தண்ணீரில் கரைத்து, அதில் எருமைப்பாலை ஊற்றித் துணியை ஊறவைத்துப் பிழிந்து காயப்போடுவார்கள். வெள்ளைத் துணி இளமஞ்சளாகும், லேசாக மோர் வாடை அடிக்கும். கடுக்காயின் துவர்ப்பு டானின் என்னும் பொருள்களால் வருவது. அவற்றில் ஹைட்ராக்சில் முனைகள் ஏராளம். செல்லுலோசையும் பற்றும், உலோகத்தையும் இறுக்கிப் பிடிக்கும். பாலின் வேலை வேறு. துணியின் இழைகளுக்கிடையே மை பரவி ஓடாமல் அதன் கொழுப்பும் புரதமும் தடுக்கின்றன. பால் ஊறாத துணியில் கோடு போட்டால் மழையில் நனைந்த தாளில் எழுதியது போலக் கசியும். ஊறிய துணியில் மயிரிழைக் கோடும் போட்ட இடத்தில் நிற்கும். இதழுக்குள் நரம்பு வரையும் அளவுக்குப் பூ நுணுக்கமாக வந்ததில் எருமைக்கு ஒரு பங்கு உண்டு.

அடுத்து மை. பழைய ஆணி, லாடம், துருப்பிடித்த தகடு எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட வேண்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றபோது அதன் சுவையைத்தான் எல்லோரும் பேசினார்கள். சாயக்காரருக்குச் சுவை பொருட்டல்ல, புளிப்பதுதான் பொருட்டு. பானைக்குள் சர்க்கரை முதலில் சாராயமாகும், பிறகு புளித்து அசெட்டிக் அமிலமாகும். அமிலம் இரும்பைக் கரைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மேலே நுரையும் உள்ளே இரும்பு அசெட்டேட்டும். துணியில் எழுதுகோலால் தீட்டும் கலம்காரிக்காரர்கள் இதைக் கசம் என்பார்கள்.

கசத்தை மூங்கில் எழுதுகோலில் எடுத்துக் கடுக்காய்த் துணியில் கோடு இழுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கோலின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ மயிரோ துணியோ உருண்டையாகச் சுற்றிக் கட்டியிருக்கும். மை அதில் நிற்கும். விரலால் உருண்டையை அழுத்த அழுத்த மை நுனிக்கு இறங்கும். இழுக்கும்போது கோடு வெளிறிய பழுப்பு. கை அடுத்த இதழுக்கு நகர்வதற்குள் முதல் இதழ் சாம்பலாகி, பிறகு கருப்பாகிவிடும். இரும்பும் டானினும் சேர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டு, கண் முன்னாலேயே கருமை பிறக்கிறது. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் ஆவணங்கள் எழுதிய மையும் இதே இரும்பு டானின் கலவைதான். அதற்குள்ள குறையும் இதற்கு உண்டு. இரும்பு மிகுந்தால் காலப்போக்கில் பருத்தியை அரிக்கும். பழைய பூத்துணிகள் சிலவற்றில் கருங்கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்து, கோட்டின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது.

சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்ட வேண்டும். இங்கே ஒரு சங்கடம். படிகாரத் தண்ணீருக்கு நிறமே இல்லை. எங்கே தீட்டினோம் என்று எப்படித் தெரியும்? அதற்காகக் கொஞ்சம் சப்பங்கிக் கட்டைச் சாறு கலப்பார்கள். பத்தமடைப் பாயின் கோரைக்கு ஒரு காலத்தில் சிவப்பு ஏற்றிய அதே சப்பங்கிதான். கோரையில் அதற்கு நிறம் ஏற்றும் வேலை. பூத்துணியிலோ அது வழிகாட்டிவிட்டுப் போய்விடும் தற்காலிக நிறம். கெட்டிப் படிகாரம் தீட்டிய இதழ் பின்னால் அடர்சிவப்பாகும். நீர்த்த படிகாரம் இளஞ்சிவப்பாகும். படிகாரத்தில் கசம் கலந்தால் ஊதாவோ காவியோ வரும். அதாவது வரைகிற கை, நிறத்தைத் தீட்டவில்லை. பின்னால் வரப்போகிற நிறத்துக்கு இடம் பிடித்து வைக்கிறது. பூவின் ஒவ்வொரு சாயலையும் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத உப்பால் வரைய வேண்டும். இந்தக் கலையின் மேதைமை முழுதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அச்சுக்கட்டையால் பதித்தாலும் இதே கதைதான். எழுதுகோலுக்குப் பதில் கட்டை, அவ்வளவே.

தீட்டிய துணியை ஓரிரு நாள் விட்டுவிட வேண்டும். அலுமினியம் டானினோடு இறுகிக்கொள்ள அவகாசம் அது. பிறகு ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். தேங்கிய தண்ணீர் ஆகாது. பிடிக்காமல் மிஞ்சிய படிகாரம் நீரில் கரைந்து, பூ இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஓடும் நீர் அதை உடனே அடித்துக்கொண்டு போகும். தமிழ்நாட்டின் சாயத் தொழில் ஆற்றங்கரைகளை ஒட்டியே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பானை. இடித்த சாயவேரைத் தண்ணீரில் போட்டு, துணியை இறக்கி, மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் நிறம் திட்டுத் திட்டாக ஏறும். வேரின் பட்டையிலுள்ள நிறப்பொருள் அலிசரின். அதன் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும், பக்கத்திலேயே ஒரு ஹைட்ராக்சில் முனையும் இடுக்கி போல அமைந்திருக்கின்றன. அலுமினிய அயனி வந்தால் இரண்டும் சேர்ந்து கவ்விக்கொள்ளும். ஓர் அலுமினியத்தைப் பல அலிசரின்கள் சூழ, கால்சியமும் கூடச் சேரும்போது நிறம் ஆழ்ந்து சிவக்கிறது. இந்தக் கூட்டு நீரில் கரையாது, எளிதில் நூலை விட்டு வராது. இரும்பு நின்ற இடத்தில் அதே அலிசரின் ஊதா கலந்த கருப்பாகிறது. பானை ஒன்று, சாயம் ஒன்று, துணி ஒன்று. வெளியே எடுக்கும்போது சிவப்பு, இளஞ்சிவப்பு, காவி, கருப்பு என்று பூ முழுதாக விரிந்திருக்கும்.

இந்த வித்தை எவ்வளவு பழையது என்பதற்கு ரோமானியச் சாட்சி ஒன்று இருக்கிறது. முதலாம் நூற்றாண்டில் பிளினி தமது இயற்கை வரலாறு நூலில், எகிப்தில் வெள்ளைத் துணியில் நிறமில்லாத மருந்துகளைப் பூசி, கொதிக்கும் ஒரே சாயக் கொப்பரையில் முக்கி எடுத்தால் பல நிறங்கள் வருவதை வியந்து எழுதியிருக்கிறார். வியப்பதற்கு அவருக்கு நியாயம் இருந்தது.

பானையிலிருந்து வந்த துணி இன்னும் அழகாக இராது. பூவைச் சுற்றியுள்ள வெள்ளை நிலமும் அழுக்குச் சிவப்பாக இருக்கும். அதை நீக்க ஆட்டுப் புழுக்கையோ மாட்டுச் சாணமோ கரைத்த தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு, பகலில் ஆற்று மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிப்பார்கள். சில நாள் இப்படி மாறி மாறிச் செய்தால் உலோகம் பிடித்த நிறம் நிற்கும், சும்மா ஒட்டிய நிறம் வெயிலில் அழிந்து நிலம் வெளுக்கும். சாணத்தை நாட்டுப்புற மூடநம்பிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய அச்சுத்துணி ஆலைகளும் இதே காரணத்துக்காகச் சாணத் தொட்டி வைத்திருந்தன. பின்னால்தான் பாஸ்பேட், சிலிக்கேட் உப்புகள் அந்த வேலையை ஏற்றன.

அடுத்தது நீலம். அவுரியின் நீலம் நீரில் கரையாது. புளிக்கவைத்த தொட்டியில் அது ஹைட்ரஜன் ஏற்று வெளிறிய, கரையும் வடிவத்துக்கு மாற வேண்டும். துணியைத் தோய்த்து வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு இழைக்குள்ளேயே மறுபடி நீலமாகிச் சிக்கிக்கொள்ளும். இதற்கு உலோகம் தேவையில்லை. ஆனால் இடம் பார்த்துத் தீட்டவும் முடியாது. தூரிகையில் எடுத்த கணமே காற்றில் நீலமாகிவிடும். அதனால் நீலம் வேண்டாத இடமெல்லாம் உருக்கிய மெழுகைப் பூசி மூடிவிட்டு, முழுத் துணியையும் தொட்டியில் இறக்கினார்கள். இலைகள் நீலமாயின. அவற்றின் மேல் கடைசியாக, கடுக்காய்ப் பூவோ மாதுளைத் தோலோ போன்ற சரக்குகளிலிருந்து வடித்த மஞ்சளைத் தீட்டினார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறியதும் பச்சை.

லண்டன் அருங்காட்சியகத்தின் நீல இலைகள் இப்போது புரியும். செடி மஞ்சள்களில் பல வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. நூறு, இருநூறு ஆண்டுகளில் மேலிருந்த மஞ்சள் கரைந்துபோய், அடியிலிருந்த அவுரி நீலம் மட்டும் எஞ்சியது. அலுமினியத்தோடு பிணைந்த அலிசரின் அசையாமல் நிற்கிறது.

இத்தனை படிகளையும் வெளியார் எழுதி வைத்ததில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்தியப் பூத்துணியைத் தடை செய்திருந்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1720இலும் சட்டம் போட்டது. உள்ளூர் நெசவாளர்கள் பிழைக்க வேண்டுமே! தடை இருந்தபோதும் செய்முறையைத் தெரிந்துகொள்ளும் ஆவல் குறையவில்லை. 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்த பொலியே என்ற கடற்படை அதிகாரி, தம் கண் முன்னே ஒரு துணியைத் தீட்டச் சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு ஒட்டி வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி, 11 துணித் துண்டுகளோடு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1742 ஜனவரியில் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் இந்தக் கரையிலிருந்து நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காய், எருமைப்பால், சாயவேர் எல்லாம் அதில் வருகின்றன. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், மதம் மாறிய உள்ளூர்த் துணி ஓவியர்கள். 

அந்தக் குறிப்புகளில் எழுதியவர் பெயர் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் பெயர் இல்லை. இது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் அங்கே பதிவானது கைப்பழக்கம் மட்டுமல்ல. சோதித்துச் சோதித்துச் சேர்த்த அறிவு. எந்த மணலின் வேர் நன்று, எந்தக் கிணற்று நீர் சிவப்பைக் கெடுக்கும், படிகாரம் எவ்வளவு நீர்த்தால் எந்த இளஞ்சிவப்பு வரும் என்றெல்லாம் தெரியாமல் அந்த இதழ்களை வரைந்திருக்க முடியாது.

தடை நீங்கியதும் 1760இல் பாரிஸுக்கு அருகே ஷூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். பிறகு கதை வேகமாக ஓடுகிறது. 1826இல் ரோபிகே, கொலின் என்ற வேதியியலாளர்கள் ஐரோப்பாவின் மஞ்சிட்டி வேரிலிருந்து அலிசரினைப் பிரித்தெடுத்தார்கள். 1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அதை நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீனிலிருந்து செய்துகாட்டினார்கள். 1869 ஜூனில் அவர்கள் தரப்பு காப்புரிமைக்கு விண்ணப்பித்த மறுநாள், அதே பொருளுக்காக லண்டனில் வில்லியம் பெர்கின் விண்ணப்பித்தார். செடியில் இருந்த ஒரு சாய மூலக்கூறை முதன்முதலாக ஆலையில் அப்படியே படைத்தது அந்த முயற்சிதான். விலை சரிந்தது. பிரான்சின் மஞ்சிட்டி வயல்கள் அழிந்தன. சோழமண்டலக் கரையின் சாயவேருக்கும் கேட்பாரில்லாமல் போயிற்று. ஆலை அலிசரினும் வேர் அலிசரினும் மூலக்கூறில் ஒன்றே. அதனால் மதுரை போன்ற ஊர்களின் சாயக்காரர்கள் வேரை விட்டுவிட்டுப் பொடிக்கு மாறுவது எளிதாயிருந்தது.

எழுதுகோல் முற்றாக நின்றுவிடவில்லை. கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் அரியலூர்ப் பக்கம் கருப்பூரிலும் கோயில் துணிகள் தீட்டும் மரபு தொடர்கிறது. தேருக்குத் தொங்கும் தொம்பை, சாமிக்கு மேலே கட்டும் விதானம், வாசல் மாலை ஆகியவை அவர்கள் கைவேலை. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகக் கொடாலிக் கருப்பூரில் நெய்து தீட்டிய சரிகைச் சேலைகள் இப்போது அருங்காட்சியகங்களில்தான் காணக் கிடைக்கின்றன.

பூவை வரையாமல், பூவையே துணியில் வைத்து அச்செடுக்கும் வழி ஒன்று அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் இந்தியா ஃபிளின்ட் என்ற கலைஞர் 2008இல் எழுதிய புத்தகம் இதற்குப் பெரிய தூண்டுதல். தமிழ்நாட்டிலும் சிறு பட்டறைகளில் இலை அச்சுச் சேலை, துப்பட்டா எல்லாம் வருகின்றன. காகிதத்தில் செடியை நேராகப் பதிக்கும் ஆசை நம் ஊருக்குப் புதிதல்ல. 1857இலேயே சென்னையில் ஹென்றி ஸ்மித் என்பவர் பச்சைச் செடிகளிலிருந்து நேரடி அச்சுப்படங்கள் எடுத்து வெளியிட்டிருக்கிறார். துணியில் எடுப்பது அதைவிடக் கடினம்; துணி துவைபடும், வெயிலில் காயும்.

முறை இதுதான். வெளுத்த பருத்தித் துணியைப் படிகாரத்திலோ நீர்த்த இரும்புக் கரைசலிலோ ஊறவைத்துப் பிழிந்து விரிக்க வேண்டும். இலைகளை அடிப்பக்கம் துணியில் படும்படி அடுக்க வேண்டும். இலைத்துளைகளும் புடைத்த நரம்புகளும் அடிப்பக்கம்தான் அதிகம், அச்சு அங்கிருந்துதான் தெளிவாக விழும். பிறகு ஒரு கம்பில் இறுக்கிச் சுருட்டி, நூலால் நெருக்கமாகக் கட்டி, இட்லிக் கொப்பரையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆவி காட்ட வேண்டும். சூட்டில் இலையின் செல்கள் உடைந்து டானினும் நிறப்பொருளும் கசிந்து, துணியில் காத்திருக்கும் உலோகத்தோடு சேர்கின்றன. இறுக்கம் குறைந்தால் நீராவி உள்ளே புகுந்து எல்லாம் மங்கலாகும். கலம்காரிக்காரர் உலோகத்தால் பூ வரைந்து சாயத்தை முழுதாக ஊற்றினார். இங்கே உலோகம் துணி முழுதும் இருக்க, சாயம் இலையின் வடிவத்தில் வருகிறது. வேதியியல் ஒன்றேதான்.

எந்த இலை பதியும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். துவர்க்கிற இலை பதியும். தாமிரபரணிக் கரையில் வரிசையாக நிற்கும் மருதமரம், கருவேலம், ஆவாரை, மாதுளை, நாவல் எல்லாம் டானின் மிகுந்தவை. இரும்போடு சேர்ந்தால் சாம்பல் முதல் கருப்பு வரை தரக்கூடியவை. தேக்கு தனி ரகம். அதன் கொழுந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் இரத்தம் போலச் சிவக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். துணியில் அது ஊதாச் சிவப்பாக, நரம்பு நரம்பாக விழும். பூக்களில் நம்பத்தக்கது கேந்தி. மாலையிலிருந்து உதிர்ந்த கேந்திப்பூவும் படிகாரத் துணியில் பளிச்சென்ற மஞ்சள் தரும், இரும்பு சேர்த்தால் பாசிப்பச்சை. மும்பையில் ஆதிவ் ப்யூர் நேச்சர் என்ற நிறுவனம் சித்திவிநாயகர் கோயிலில் சேரும் பூக்களைக் கொண்டு துணிக்குச் சாயமிடுகிறது. ஒன்பது திருப்பதிகள் சூழ்ந்த ஸ்ரீவைகுண்டத்தில் கழிக்கப்படும் மாலைகளுக்கா பஞ்சம்?

ஏமாற்றுகிற பூக்களும் உண்டு. செம்பருத்தியும் சங்குப்பூவும் துணியில் வைத்த உடனே மயக்கும் நீலமும் ஊதாவும் தரும். அவற்றின் நிறம் ஆந்தோசயனின். எலுமிச்சை பட்டால் சிவக்கும், சோப்பு பட்டால் பச்சையாகும், வெயிலில் வைத்தால் வெளிறும். பச்சை இலையைத் துணியில் வைத்துச் சுத்தியலால் தட்டி எடுக்கும் பச்சை அச்சும் அப்படியே. குளோரோபிலின் நடுவிலிருக்கும் மக்னீசியம் சிறிது அமிலம் பட்டாலே கழன்றுவிடும்; பச்சை, பழுத்த ஆலிவ் நிறமாகிவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இவை மிக நல்ல பாடம். விலை போட்டு விற்கிற சேலைக்கு ஆகாது. ஆனால் இத்தகைய துணிகளை நிலையான இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது வாங்குபவரை ஏமாற்றுவது மட்டுமல்ல, நின்று காட்டிய பழைய தொழிலின் மதிப்பையும் கெடுக்கிறது.

இயற்கை என்ற சொல்லுக்காகவே எதையும் தீங்கற்றது என்று எண்ணுவதும் சரியில்லை. திருப்பூரில் சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை, 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதை யாரும் மறக்கவில்லை. அதற்கு மாற்றாகச் செடிச் சாயத்தைப் பேசுவது நியாயம். ஆயினும் சிலர் நிறம் கெட்டிப்பட வேண்டும் என்று தாமிர உப்பையும் குரோமிய உப்பையும் சேர்க்கிறார்கள். குரோமியக் கழிவு ஆற்றில் கலந்தால் அதை எந்தப் பூவும் நியாயப்படுத்தாது. படிகாரமும் இரும்பும் ஒப்பளவில் பாதுகாப்பானவை. அவற்றின் கழிவையும் நேராக வாய்க்காலில் ஊற்றாமல், தெளியவைத்து அடிவண்டலைப் பிரிக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தின் வடகால், தென்கால் நீர் வயலுக்கும் குளத்துக்கும் போவது.

வாங்குகிற துணியிலோ தானே எடுத்த அச்சிலோ நிறம் நிற்குமா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. துணியின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். அதில் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி ஊசி குத்தி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். அட்டையை எடுத்ததும் நடுவில் ஒரு கோடு தெரிந்தால், மூடாத பாதி எவ்வளவு வெளிறியது என்று அந்தக் கோடே சொல்லும். இன்னொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, துணி சோப்பில் வெந்நீரில் அலசினால், சாயம் கழன்று வெள்ளையில் ஏறுகிறதா என்பது தெரியும். மூன்றாவது துண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறும், தள்ளி ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீரும். ஆலைகளின் சோதனைக்கூடங்களும் இதைத்தான் செய்கின்றன; அவர்களிடம் வெயிலுக்குப் பதில் விளக்கும், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று முதல் எட்டு வரை தரப்படுத்திய நீலக் கம்பளித் துண்டுகளும் இருக்கும். சாயவேர் கிடைக்கும் தேரிப் பக்கத்துப் பள்ளிகள் இந்தச் சோதனையை ஆவாரை, தேக்கு, கேந்தி, இம்பூறல் வேர் நான்குக்கும் செய்து பார்த்து, படிகாரத்தில் ஒரு வரிசை, இரும்பில் ஒரு வரிசை என்று அட்டையில் ஒட்டி, எந்த மாதம் எந்த ஊரில் பறித்தது என்ற குறிப்போடு வைத்தால், பொலியே வெட்டி ஒட்டிய 11 துண்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த ஆவணம் அது. அதில் செய்தவர்களின் பெயரும் இருக்கும்.